பின்சுவரை இடிக்காதீர்கள்

பிரிஸ்பேனில் சனிக்கிழமை காலை என்பது வீடு பார்க்கும் நேரம். விற்பனைக்கு வந்த வீட்டை அரை மணி நேரம் திறந்துவைப்பார்கள். வாங்க வந்தவர், வேடிக்கை பார்க்க வந்தவர் யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். இரண்டு வருடம் நானும் மனைவியும் ஏறி இறங்காத படி இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் பழைய மர வீடு. கால்கள்மேல் தூக்கி நிறுத்திய உடம்பு, தகரக் கூரை, முன்னால் வராந்தா. உள்ளே நுழைந்து பதினைந்து அடி நடந்தால் வீடு முடிந்துவிடும். பின்பாதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கூடம், அதன் கடைசியில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. தரகர் போய்க் கைப்பிடியைத் தொடுவார். ஐந்தாறு மீட்டர் அகலக் கதவு விசிறிபோல் மடங்கி ஓரத்தில் ஒதுங்கும். "உள்ளே எது, வெளியே எது என்றே தெரியாது, பாருங்கள்" என்பார். முப்பது வீட்டில் முப்பது தரகர், வசனம் மட்டும் ஒன்று.

தரகர் சொன்னால் போகட்டும், விற்கிற வாய். ஆனால் கட்டட இதழ்களும் தொலைக்காட்சியும் வரைபடம் போடுகிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரரும் இதையே நம்புகிறார்கள். பழைய மர வீடு தன்னைச் சுற்றியுள்ள நிலத்துக்கு முதுகு காட்டி நிற்கிறது, அறை அறையாக அடைபட்டு இருண்டு கிடக்கிறது, பின்சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தால்தான் இந்தக் கடலோர நிலத்தோடு அதற்கு உறவு உண்டாகும் என்பது அந்த நம்பிக்கை. இதில் 'இருண்டு' என்ற ஒரு சொல்லை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் தவறு.

அந்த வீட்டை முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர்வரை குயின்ஸ்லாந்து முழுக்க இப்படித்தான் கட்டினார்கள். மாநிலத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்துவிட்டார்கள், 'குயின்ஸ்லாந்தர்'. மரக் கால் ஒவ்வொன்றின் தலையிலும் கவிழ்த்த தட்டுபோல் ஒரு தகரத் தொப்பி இருக்கும். கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டுமானால் அந்தத் தொப்பியின் விளிம்பைச் சுற்றி வெளியே வந்தாக வேண்டும். டார்ச் அடித்துப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது. கரையானைத் தடுக்கும் வித்தை என்பதைவிட, காட்டிக்கொடுக்கும் வித்தை என்பதே பொருத்தம். சுவர் என்பது ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிறுத்திய ஹூப் பைன் பலகை. உள்சுவர்கள் பலவும் ஒற்றைப் பலகைக் கனம்தான், கட்டைவிரல் அகலம்கூட இராது. அடுத்த அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் கேட்கும். கதவுக்கு மேலே பூவும் கொடியுமாகத் துளைத்த பலகை. மச்சுப் பலகையின் நடுவிலும் துளையிட்ட ஒரு வட்டம். பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சூடேறிய காற்று மேலே போவதற்கு வெட்டிய வழிகள் அவை.

மரமும் வெளியூர்ச் சரக்கல்ல. ஹூப் பைன் இந்தக் கடலோரத்து மழைக்காடுகளில் வளர்ந்தது. கால்களுக்கும் உத்திரங்களுக்கும் யூகலிப்டஸ் இனத்து வன்மரம். வசதியானவர் வீட்டுக் கதவு, ஜன்னலுக்கு ரெட் சீடர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு என்று நிற்கிறதே, அதுவும் இதுவும் ஒரே இனம்தான். அந்தக் காடுகளை வெட்டித் தீர்த்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிஞ்சியது இந்தப் பலகைகளில்தான் இருக்கிறது. நிலத்தோடு வீட்டை இணைக்கிறேன் என்று கிளம்புகிறவர் முதல் நாள் காலையில் குப்பைத் தொட்டியை வாசலில் இறக்கி, அந்த நிலத்துக் காட்டை அதில் உடைத்துப் போடுகிறார்.

நிலத்தோடு உறவு என்றால் என்ன? கண்ணாடிக் கட்சிக்காரருக்கு அது பார்வை. எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவு உறவு. பழைய வீட்டைக் கட்டியவர்களுக்கு அது காற்றும் நிழலும் தண்ணீரும். கோடையில் நண்பகலுக்கு மேல் வடகிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை ஒரே நேராக நடைகூடம், கதவுக்கு மேல் துளைப்பலகை எல்லாம். தெருவிலிருந்து அறைக்குள் வருவதற்குள் எத்தனை கட்டங்கள்! படி, படிக்கு மேல் பின்னல் தட்டி, வராந்தா, இரட்டைக் கதவு, நடைகூடம், பிறகு அறை. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஒரு பங்கு குறையும், சூடு ஒரு பங்கு குறையும். வெளி மெல்ல மெல்ல உள்ளாகிறது. கண்ணாடி வீட்டில் இந்த ஆறு கட்டமும் போய், ஆறு மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று மட்டும் மிச்சம். இந்தப் பக்கம் ஏசி, அந்தப் பக்கம் ஜனவரி.

வராந்தாவைத் திண்ணை என்று சொல்லிவிட எனக்கும் கை துறுதுறுக்கிறது. சொல் இந்தியாவிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் வேலை வேறு. திண்ணை தெருவுக்குச் சொந்தம், வழிப்போக்கனும் உட்காரலாம். இந்த வராந்தா வீட்டுக்காரர்களின் மழைக்கால அறை. துணி உலர்த்த, குழந்தையைத் தொட்டிலில் போட, புழுக்கம் தாங்காத இரவில் கட்டிலை இழுத்துப் போட்டுத் தூங்க. தெரியாமல் கட்டிய தச்சர் வேலை என்று யாரும் தள்ளிவிட முடியாது. எடின்பரோவில் படித்துவிட்டு 1896இல் பிரிஸ்பேன் வந்த ராபின் டாட்ஸ், இந்த ஊரின் தேர்ந்த கட்டடக்கலைஞர், தன் மர வீடுகளில் அகல வராந்தாவையும் தாழ இறங்கும் கூரையையும்தான் பிடித்துக்கொண்டார்.

கணக்காகவே பார்க்கலாம். பிரிஸ்பேன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருபத்தேழரை பாகையில் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கில் சாய்ந்து நிற்கும். டிசம்பர் கடைசி வார நண்பகலில் அதன் உயரம் 86 பாகை, ஏறக்குறைய உச்சந்தலை. ஜூனில் 39 பாகைதான். வடக்கே எட்டடி ஆழத்துக்கு வராந்தா இருந்தால் கோடை நண்பகல் வெயில் அதன் விளிம்போடு நின்றுவிடும். ஜூன் வெயில் சாய்ந்து வந்து வராந்தாப் பலகை முழுவதையும் கடந்து சுவரடியைத் தொடும். குளிர்காலத்தில் இந்த வீட்டின் மிக இதமான இடம் எதுவென்று இங்குள்ள எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லுவார். எல்லா வீட்டுக்கும் வடக்கு வராந்தா வாய்க்கவில்லை என்பதும் உண்மை. தெருவைப் பார்த்துத்தான் கட்டினார்கள், சூரியனைப் பார்த்தல்ல. அதனால்தான் பின்சுவர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே கண்ணாடியை மாட்டுவது எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீடு அப்படிப்பட்டது. விரிகுடாவுக்குப் பக்கத்தில், மிகச் சமீபத்தில் புதுப்பித்தது. பின்புறம் மேற்கு. ஜனவரி மூன்று மணிக்குக் கூடத்துத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நிலத்தோடு இணைந்த கூடத்தில் பட்டப்பகலில் விளக்கு எரியும்.

கதவைத் திறந்துகொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எப்போது திறப்பது? கோடை மதியம் வெயில். நாலு மணிக்கு மேல் தென்மேற்கிலிருந்து இடிமழை வந்தால் நேரே கூடத்துக்குள் அடிக்கும். பொழுது சாயும்போது காற்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நேரம் சேற்றுத் திட்டிலும் அலையாத்திக் காட்டிலுமிருந்து சாண்ட்ஃப்ளை புறப்படும். எள்ளில் பாதி அளவுப் பூச்சி, சாதாரணக் கொசுவலைக்குள்ளேயே புகுந்துவிடும். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். பிறகு கொசு. ராஸ் ரிவர் காய்ச்சல் என்று மூட்டைப் பிடுங்கும் ஒரு நோயை இந்த ஊர்க் கொசு பரப்புகிறது. ஆறு மீட்டர் திறப்புக்குச் சுருள்வலை கிடைக்கிறது, உண்டு. கடல் உப்பும் மணலும் அதன் தடத்தை என்ன செய்கின்றன என்பதை இரண்டாம் வருடம் கேளுங்கள். இரவில் பூட்ட வேண்டும். ஜூலையில் குளிர். ஆகஸ்டில் மேல்காற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏப்ரல், மே, செப்டம்பரில் சில நாட்கள் மிஞ்சும். இதழ்க்காரர்கள் படம் எடுக்க வருவதும் அந்த நாட்களில்தான்.

பார்வைக்காகவே என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. குயின்ஸ்லாந்தில் கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது. 1992இல் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். ஆகவே நட்ட நடுக் கோடையில்கூட ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே. வேலைக்குப் போய்த் திரும்பி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, விளக்கைப் போட்டால் அந்தக் கண்ணாடியில் தெரிவது என்ன? எங்கள் ஃபிரிட்ஜ். நானும் மனைவியும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். பின்னால் துணிக்கூடை. தோட்டத்து மாமரம் எங்கோ இருட்டில். வாரத்தில் ஐந்து நாள் அந்த விலையுயர்ந்த நிலக்காட்சியில் நாங்கள் பார்த்தது எங்களைத்தான்.

எல்லா வீட்டிலும் முன்பாதி மட்டும் தப்பிப் பிழைப்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1946ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளைக் குறிப்பிட்ட பகுதிகளில் எளிதில் இடிக்கவிடாதபடி பிரிஸ்பேன் மாநகராட்சி விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது பெரும்பாலும் காப்பது தெருவுக்குத் தெரியும் முகத்தை. பின்னால் என்ன நடந்தாலும் பெரிதாகக் கேட்பாரில்லை. அதனால் முகம் பழசு, உடம்பு புதுசு. மரபைக் காத்ததாக மாநகராட்சிக்கும் திருப்தி, நவீனமாகிவிட்டதாக உரிமையாளருக்கும் திருப்தி. வீடு எப்படி மூச்சுவிட்டது என்பது இரண்டு கணக்கிலும் இல்லை.

வீட்டின் அடிப்பகுதிக்கு நடப்பது இன்னும் மோசம். குயின்ஸ்லாந்தருக்குக் கீழே ஒரு வெளி இருக்கும். டேவிட் மாலூஃப் 1985இல் எழுதிய '12 எட்மண்ட்ஸ்டோன் ஸ்ட்ரீட்' தன் பிள்ளைப்பருவத்து மர வீட்டில் அறை அறையாக நம்மை அழைத்துப் போகும் நூல். இந்தக் கீழ்ப்புறத்து இருட்டுக்கும் அதில் இடம் உண்டு. துணி துவைக்கும் தொட்டி, கருவிப்பெட்டி, பிள்ளைகளின் ஒளிவிடம், குளிர்ந்த மண். இன்று அதற்கு 'வீணாகும் இடம்' என்று பெயர். அறை என்று கணக்குக் காட்டக் கூரை உயரம் 2.4 மீட்டர் வேண்டும் என்பதால் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே கான்கிரீட் ஊற்றி, ஜிப்சம் பலகையால் அடைத்து இரண்டு படுக்கையறையும் ஒரு கார் கொட்டகையும் செய்துவிடுகிறார்கள்.

ஆற்றுக்கு இது தெரியாது. நகர அளவுகோலில் பிரிஸ்பேன் ஆறு 1893இல் 8.35 மீட்டர், 1974இல் 5.45, 2011இல் 4.46, 2022இல் 3.85 மீட்டர் ஏறியது. காலில் நின்ற பல வீடுகளுக்கு அடியில் தண்ணீர் வந்து போயிற்று. தரைக்கு மேலே ஏறிய இடத்திலும் ஒற்றைப் பலகைச் சுவரைக் கழுவிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, வாரக்கணக்கில் உலரவிட்டுத் திரும்பவும் குடியேறினார்கள். ஜிப்சம் பலகையும் அதற்குப் பின்னால் அடைத்த பஞ்சும் ஒருமுறை ஊறினால் அள்ளித் தெருவில் கொட்ட வேண்டியதுதான். 2022 வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 74 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கின. அந்தப் பணத்தில் செய்த வேலைகளில் முக்கியமானவை என்ன தெரியுமா? வீட்டைத் தூக்கி நிறுத்துவது, நனைந்தால் கழுவிக் காயவைக்கும்படியான பொருளால் சுவரை மாற்றுவது. பாட்டனார் தச்சர் சும்மா செய்துவைத்ததை இடித்துவிட்டு, பேரன் அரசுப் பணத்தில் திரும்பச் செய்கிறான்.

சரி, இருட்டுக்கு வருகிறேன். உண்மைதான், இந்த வீடுகள் உள்ளே இருட்டு. ஜூலை விடியலில் பல் கிட்டும் அளவு குளிரும், பலகை இடுக்கெல்லாம் காற்று. பழைய வண்ணப்பூச்சில் ஈயம். சமையலறை ஒரு பெட்டி மாதிரி பின்மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இவற்றைச் சகித்துக்கொண்டு அருங்காட்சியகக் காவலாளியாக வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த வீடு எந்தக் காலத்திலும் அப்படியே இருந்ததுமில்லை. குடும்பம் பெருகியபோது வராந்தாவை அடைத்துப் படுக்கை போட்டார்கள், சிமெண்ட் ஷீட் அடித்தார்கள், கொல்லையில் இருந்த கழிப்பறையை உள்ளே கொண்டுவந்தார்கள். மாற்றுங்கள். ஆனால் இருட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பெரும்பாலும் அது பிற்பாடு அடைத்த வராந்தாவிலிருந்து வந்தது. பின்சுவர் நிரபராதி.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். கடைசியில் நாங்கள் வாங்கியது இதே ஊரின் கடலோரப் பகுதியான சாண்ட்கேட்டில், யாரும் தொடாத ஒரு வீடு. யாரும் தொடாதது என்றால் 1950களுக்குப் பிறகு தொடாதது. பக்க வராந்தா முழுவதும் சிமெண்ட் ஷீட்டால் மூடியிருந்தது, உள்ளே ஆஸ்பெஸ்டாஸ். உரிமம் பெற்ற ஆட்கள் முகமூடியும் வெள்ளை உடுப்புமாக வந்து ஒரே நாளில் கழற்றிக் கட்டி எடுத்துப் போனார்கள். அன்று மாலை நடைகூடத்தில் நின்றபோது, ஆறு மாதமாக நாங்கள் பார்த்திராத வெளிச்சம் பலகைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அடைப்புக்குப் பின்னால் பழைய வராந்தாச் சுவர் அப்படியே இருந்தது. சட்டங்களும் குறுக்குக் கட்டைகளும் வெளியே தெரிய, கட்டியவன் மறைக்க நினைக்காத எலும்புக்கூடு.

மகன் கோலிக்குண்டை வராந்தாப் பலகையில் வைத்தான். அது தானே உருண்டு, வீட்டை விட்டு விலகி, விளிம்பைத் தாண்டிக் கீழே செடிக்குள் விழுந்தது. தரை சரியில்லை, உள்வாங்கிவிட்டது என்று பயந்து தச்சரைக் கூப்பிட்டேன். அவர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வராந்தாத் தரையை வெளிப்புறம் சரித்துத்தான் போடுவார்களாம், பலகையின் நீளமும் அதே திசையில். மழை உள்ளே அடிக்கும், அடித்தால் தானே வடிய வேண்டும். மழை வரும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய தரை அது. மடக்குக் கண்ணாடிக்காரர்கள் இதற்கு நேர் எதிர். கூடமும் டெக்கும் ஒரே மட்டத்தில், ஒரு விரல் படிகூட இல்லாமல் ஓட வேண்டும் என்பார்கள். கதவுத் தடத்தில் வடிகால் வைப்பார்கள். எங்கள் வாடகை வீட்டில் அந்த வடிகாலில் இலையும் மணலும் அடைத்து, முதல் பெருமழையிலேயே சோபாவின் கால் நனைந்தது.

கண்ணாடிக்கு நான் விரோதி இல்லை. சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் நடுவே கெம்ப்சி பக்கத்தில் கட்டடக்கலைஞர் கிளென் மர்கட் 1975இல் முடித்த மேரி ஷார்ட் வீட்டைக் கட்டடக்கலை மாணவர்கள் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். மரச்சட்டம், தகரக் கூரை, தரையிலிருந்து தூக்கி நிறுத்திய இரண்டு நீளக் கூடங்கள். பக்கச் சுவர்களில் அவர் வைத்தது லூவர், அதாவது விரும்பும் அளவுக்குத் திருப்பிக்கொள்ளும் பட்டைகள், கூடவே பூச்சிவலை. 1980இல் அந்த வீட்டை அவரே வாங்கினார், பெரிதாக்கினார். அப்போதும் சுவரைப் பெயர்த்து ஒற்றைக் கண்ணாடி மாட்டவில்லை. இருந்த முறையையே நீட்டினார். நிலத்தோடு இணைப்பு என்று பேசும் எல்லாரும் மர்கட் பெயரைச் சொல்கிறார்கள். அவர் செய்ததைச் செய்கிறவர் குறைவு.

எங்கள் வீட்டில் செய்தது கொஞ்சம்தான். மச்சுக்கு மேல் பஞ்சு போட்டோம், ஜூலைக்கும் ஜனவரிக்கும் அது ஒன்றே பாதி மருந்து. சமையலறையின் இரண்டு மூலைச் சுவர்களில் லூவர் வைத்து, அதற்கு நெருக்கமான வலை. சாண்ட்ஃப்ளை பலவீனமாகப் பறக்கும், மின்விசிறிக் காற்றிலேயே தடுமாறிவிடும் என்பதால் வராந்தாவில் இரண்டு விசிறி. பின்சுவரில் ஒரு ஜன்னலைக் கீழே இறக்கி இரட்டைக் கதவாக்கினோம், அவ்வளவே அங்கே இடிப்பு. கீழே ஒன்றும் கட்டவில்லை. மிதிவண்டிகளும் துணிக்கொடியும் இருக்கின்றன. பார்க்க வந்த நண்பர் ஒருவர், "இவ்வளவு செலவு பண்ணி ஒண்ணுமே மாறலையே" என்றார். வரைபடம் போட்டவருக்கு அதைச் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

இரவில் அம்மாவோடு பேசுவது வராந்தாவில்தான். ஊரில் அப்போது பிற்பகல். இங்கே தகரத்தில் மழை பிடித்தால் என் குரல் அவருக்குக் கேட்காது. "என்னடா அங்க, மழையா?" என்று கத்துவார். மழை விட்டதும் உத்திரத்தில் பல்லி சப்திக்கும். நம் வீட்டுப் பல்லியேதான், கப்பல் ஏறி வந்து இந்த ஊர்ப் பல்லிகளை விரட்டிக்கொண்டிருக்கும் அதே இனம். "பல்லி சொல்லுது பாரு, எந்தப் பக்கம்?" என்று கேட்பார். நான் எழுந்து போய்ப் பார்த்துத் திசை சொல்லுவேன். கண்ணாடி வீட்டில் இருந்த ஒன்றரை வருடத்தில், மழையா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.